கடை திறந்தாச்சு, கூகுளில் காணோமே: புதிதாக இணையக் கடை போட்டவர்களுக்கு ஒரு வழிகாட்டி

போன தை மாதம் என் இணையக் கடையைத் திறந்தேன். கல்சட்டி, இரும்புத் தோசைக்கல், பணியாரக்கல், அவ்வளவுதான் சரக்கு. வைகாசி வரைக்கும் வந்த ஆர்டர்கள் எல்லாம் வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் போட்டவை. ஒருநாள் கூகுளில் கடைப் பெயரை முழுசாக அடித்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட அதே பெயரில் வேறு ஊரில் இருக்கும் ஒரு பாத்திரக் கடை வந்தது. என் கடை இல்லை. இரண்டாம் பக்கத்திலும் இல்லை, ஐந்தாம் பக்கத்திலும் இல்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது, சரிசெய்ய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்கு நடுவில் தேவையில்லாத வேலைக்குப் பணமும் கொடுத்திருந்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள். முதல் மூன்றை முடிக்காமல் நாலாவதுக்குப் போவது வீண்.

1. கூகுள் உங்கள் கடைக்குள் வர முடிகிறதா?

கூகுள் தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் 'சைட்' என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியை ஒட்டுங்கள். உங்கள் பக்கங்கள் வரிசையாக வந்தால் கூகுளுக்கு உங்களைத் தெரியும். ஒன்றுமே வராவிட்டால் பெரும்பாலும் கதவு உள்பக்கம் தாழ் போட்டிருக்கிறது.

என் கடை வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளிலும், அதைக் கடையாக்கும் வூகாமர்ஸிலும் ஓடுவது. வேர்ட்பிரஸில் செட்டிங்ஸ், அதற்குள் ரீடிங் என்ற பக்கத்தில், தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லும் ஒரு டிக் பெட்டி இருக்கிறது. தளம் கட்டிக்கொண்டிருக்கும்போது டிசைனர்கள் அதை டிக் செய்துவைப்பது வழக்கம். என் தளத்தைக் கட்டியவர் வேலை முடிந்ததும் அதை எடுக்க மறந்துவிட்டார். நாலு மாதம் நானே என் கடை வாசலில் 'உள்ளே வராதீர்' என்று பலகை மாட்டிவைத்து உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

ஷாப்பிஃபை என்ற இணையக் கடைச் சேவையில் கடை வைத்திருந்தால் ஆன்லைன் ஸ்டோர் பாஸ்வேர்ட் எடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்வேர்ட் இருக்கும்வரை வாடிக்கையாளரும் உள்ளே வர முடியாது, கூகுளும் வர முடியாது.

2. சாவிகளை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்

ஆவண வேலை இது, அலுப்பாக இருக்கும். ஆனாலும் இப்போதே முடித்துவிடுங்கள்.

டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) யார் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். என்னுடையது டிசைனரின் மின்னஞ்சலில் இருந்தது. அடுத்த படிக்கு டொமைனின் டி.என்.எஸ் அமைப்பில் (அந்த முகவரி எங்கே போய்ச் சேர வேண்டும் என்று குறிக்கும் இடம்) ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டியிருந்தது. அதற்காக அவர் போன் எடுக்கும்வரை ஒன்பது நாள் காத்திருந்தேன். டொமைன், ஹோஸ்டிங் (தளம் இருக்கும் சர்வர் இடம்), தளத்தின் அட்மின் கணக்கு மூன்றும் உங்கள் சொந்த மின்னஞ்சலில் இருக்க வேண்டும். டிசைனருக்கு வேண்டிய அனுமதியை நீங்கள் கொடுங்கள், அவரிடம் நீங்கள் கேட்டு நிற்கக் கூடாது.

தளத்தில் கடையின் சட்டப்படியான பெயர், முழு முகவரி, போன் எண், மின்னஞ்சல், திருப்பி அனுப்பும் விதி, அனுப்பும் செலவு, எத்தனை நாளில் சேரும் என்பது, இத்தனையும் இருக்க வேண்டும். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் போடச் சொல்கின்றன. ஒற்றை ஆள் கடையானால் அந்த அலுவலரும் நீங்கள்தான். வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்க பொதுவாக ஜி.எஸ்.டி பதிவு வேண்டும். சில கைவினைப் பொருட்களுக்கு விலக்கு உண்டு, ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பதிவுக்கு அரசுக் கட்டணம் கிடையாது. ஆடிட்டர் கூலி மட்டும்தான்.

தேடலைப் பற்றிப் பேசும்போது இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். ஆறாவது படியில் புரியும்.

3. சர்ச் கன்சோல்: ஒரு மணி நேர வேலை, காசு இல்லை

கூகுள் சர்ச் கன்சோல் இலவசம். உங்கள் கடையைப் பற்றிக் கூகுளுக்கு என்ன தெரியும் என்று கூகுளே சொல்லும் இடம் இது. கூகுள் கணக்கில் நுழைந்து உங்கள் டொமைனைச் சேர்த்தால் டெக்ஸ்ட் ரெக்கார்ட் என்று ஒரு நீளமான எழுத்துக்கோவை தரும். அதை டொமைன் வாங்கிய இடத்தில் டி.என்.எஸ் பகுதியில் ஒட்டுங்கள். சில நிமிடத்திலும் ஏற்றுக்கொள்ளும், சில சமயம் ஒருநாளும் எடுக்கும். பதறி மறுபடி மறுபடி மாற்றாதீர்கள்.

அடுத்து இடப்பக்கம் உள்ள சைட்மேப்ஸ் பகுதியில் உங்கள் சைட்மேப், அதாவது தளத்துப் பக்கங்களின் பட்டியல், இருக்கும் முகவரியைக் கொடுங்கள். ஷாப்பிஃபை, வேர்ட்பிரஸ் இரண்டும் அதைத் தாமாகவே உருவாக்கி வைத்திருக்கும். பிறகு முக்கியமான ஐந்தாறு பக்கங்களை மட்டும் மேலே உள்ள பெட்டியில் ஒவ்வொன்றாக ஒட்டி, இண்டெக்ஸ் செய்ய, அதாவது தேடல் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். நூறு பக்கத்துக்கும் கேட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம், சைட்மேப் வழியாக மற்றவை வந்து சேரும்.

சில நாளில் தொடங்கிச் சில வாரம் வரை ஆகலாம். 'கிரால்ட், கரன்ட்லி நாட் இண்டெக்ஸ்ட்' என்று சில பக்கங்கள் நிற்கும். கூகுள் வந்து பார்த்துவிட்டு, இப்போதைக்குச் சேர்க்கவில்லை என்பது அதன் பொருள். திரும்பத் திரும்ப விண்ணப்பித்தால் அது மாறாது. பக்கத்தில் விஷயம் போதவில்லை என்று எடுத்துக்கொண்டு ஐந்தாவது படிக்குப் போங்கள்.

4. நீங்கள் வைத்த பெயரை யாரும் தேடுவதில்லை

என் முதல் பொருளுக்கு நான் வைத்த தலைப்பு 'பாரம்பரிய ஆரோக்கிய சமையல் கலன், நடுத்தரம்'. ரொம்பப் பெருமையாக வைத்தேன். சமையல் கலன் என்று எந்த வீட்டில் பேசுகிறார்கள்?

போனில் கேட்டவர்களின் வாட்ஸ்அப் செய்திகளை உட்கார்ந்து படித்தேன். 'கல்சட்டி இருக்கா?', 'மாக்கல் சட்டி என்ன விலை?', 'கல்லுச்சட்டி ரெண்டு லிட்டர்', 'சோப்ஸ்டோன் பாட் கேஸ் அடுப்புல வைக்கலாமா?', 'பழக்கின கல்சட்டி கிடைக்குமா?'. (பழக்குவது என்றால் புதுச் சட்டியை அடுப்புக்குத் தயார்செய்வது.) உங்கள் தேடுசொல் பட்டியல் உங்கள் போனிலேயே இருக்கிறது. முதலில் அதை ஒரு நோட்டில் எழுதுங்கள்.

பிறகு கூகுளில் 'கல்சட்டி' என்று மட்டும் அடித்து, எண்டர் தட்டாமல், கீழே என்ன விரிகிறது என்று பாருங்கள். தமிழிலும் பாருங்கள், ஆங்கில எழுத்தில் தமிழ்ச் சொல்லை அடித்தும் பாருங்கள். நம் ஆட்கள் பலர் ஆங்கில எழுத்தில்தான் தமிழைத் தேடுகிறார்கள். அதிலும் ஒருவர் கல், சட்டி இரண்டையும் சேர்த்து அடிப்பார், ஒருவர் இடைவெளி விடுவார், ஒருவர் சகரத்துக்கு ஒரு எழுத்துப் போடுவார், இன்னொருவர் இரண்டு எழுத்துப் போடுவார். எல்லா வடிவத்தையும் ஒரே பத்தியில் கொட்டிவைக்காதீர்கள், அது சொல்லடைப்பு என்று கூகுளின் விதியில் குற்றம். தலைப்பில் ஒரு வடிவம், விவரத்தில் இயல்பாக இன்னொன்று வந்தால் போதும். எழுத்து வேறுபாட்டைக் கூகுள் ஓரளவு தானே புரிந்துகொள்கிறது.

கூகுள் ஆட்ஸ் கணக்கு திறந்தால் கீவேர்ட் பிளானர் கிடைக்கும். விளம்பரத்துக்குச் செலவழிக்காதவர்களுக்குத் துல்லியமான எண் தராது, இத்தனையிலிருந்து இத்தனைக்குள் என்று காட்டும். எந்தச் சொல் பெரியது எது சின்னது என்று பார்க்க அது போதும்.

ஒரு பொறி: தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என இரண்டு பக்கம் வைக்க நினைத்தால் நீங்களே எழுதுங்கள். தானாக மொழிபெயர்க்கும் ஒரு பிளக்இன் (தளத்தில் கூடுதல் வசதி சேர்க்கும் சிறு மென்பொருள்) என் தளத்தில் சில நாள் ஓடியது. சீசனிங் செய்த, அதாவது பழக்கிய, தோசைக்கல்லை அது 'மசாலா தடவிய தோசைக்கல்' ஆக்கிவிட்டது. மசாலா தடவின கல்லில் தோசை வருமா என்று ஒரு அம்மா போன் செய்து கேட்டபோதுதான் எனக்கே தெரியும்.

5. பொருள் பக்கம்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

பழைய தலைப்பைச் சொன்னேன் அல்லவா? இப்போதைய தலைப்பு: 'கல்சட்டி 2 லிட்டர், பழக்கியது, மாக்கல்'. ஆட்கள் அடிக்கும் சொல் முன்னால், அளவு அடுத்து, மற்ற கடையில் இல்லாதது அதற்கடுத்து. கடைப் பெயர் வேண்டுமானால் கடைசியில். தலைப்பு நீண்டால் கூகுள் வெட்டிவிடும், வெட்டுப்படும் இடத்தில் முக்கியமான சொல் இருக்கக் கூடாது.

தலைப்பின் கீழே வரும் இரண்டு வரி விவரத்தை நீங்கள் எழுதினாலும் கூகுள் சில சமயம் பக்கத்திலிருந்து வேறு வரியை எடுத்துப் போடும். அதற்குக் கவலைப்பட வேண்டாம். மெட்டா கீவேர்ட்ஸ் (பக்கத்தின் பின்னால் மறைந்திருக்கும் தேடுசொல் பட்டியல்) நிரப்பித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். தேடல் வரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009லேயே அறிவித்துவிட்டது.

விவரத்தைச் சப்ளையர் கொடுத்த தாளிலிருந்து அப்படியே ஒட்டாதீர்கள். அதே வரிகள் இன்னும் இருபது கடையில் இருக்கும். பெரிய சந்தைத் தளங்களிலும் நீங்கள் விற்கிறீர்கள் என்றால் அங்கே போட்ட அதே விவரத்தை உங்கள் கடையிலும் போடாதீர்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் தேடலில் பெரும்பாலும் அவர்கள் பக்கம்தான் முன்னால் நிற்கும்.

என்ன எழுதுவது? வாங்குகிறவர் போனில் கேட்பதை எழுதுங்கள். எடை எவ்வளவு, வாய் அகலம் எத்தனை அங்குலம், கேஸ் அடுப்பில் வைக்கலாமா, இண்டக்‌ஷனில் ஆகுமா ஆகாதா, எத்தனை பேருக்கு வத்தக்குழம்பு வைக்கலாம், கொரியரில் உடைந்து வந்தால் என்ன செய்வீர்கள். கல்சட்டி மெதுவாகச் சூடேறும், அடுப்பை அணைத்த பிறகும் உள்ளே கொதிக்கும், அதனால் குழம்பு முக்கால் பதம் வந்ததும் அணைக்க வேண்டும் என்று நான் எழுதிய ஒரு வரிக்காகவே வாங்கினேன் என்று ஒருவர் எனக்குச் செய்தி அனுப்பினார்.

முகவரியைப் பற்றி ஒரு குட்டி விஷயம். தமிழ் எழுத்திலேயே பக்க முகவரி வைக்கலாம், கூகுளுக்கு அதில் தடை இல்லை. ஆனால் அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ஒவ்வொரு எழுத்துக் குறியும் ஒன்பது எழுத்தாக விரியும். 'கல்சட்டி' என்ற ஒரே சொல், மெய்ப்புள்ளி இரண்டையும் இகரக் குறியையும் சேர்த்து எட்டுக் குறி, சதவீதக் குறியும் எண்ணுமாக 72 எழுத்து ஆகிவிடும். பார்க்கிறவர்கள் வைரஸ் லிங்க் என்று பயப்படுகிறார்கள். நான் ஆங்கில எழுத்தில், சொற்களுக்கு நடுவே சிறு கோடு போட்டு வைத்துக்கொண்டேன்.

படங்கள்: போனில் எடுத்தது நாலைந்து எம்.பி இருக்கும். அகலத்தை 1,200 பிக்ஸலுக்குக் குறைத்து வெப்பி வடிவில் சேமித்தால் பெரும்பாலும் இருநூறு கே.பி.க்குள் வந்துவிடும். ஃபைல் பெயரை எண்ணாக விடாமல் பொருளின் பெயராக மாற்றுங்கள். ஆல்ட் டெக்ஸ்டில் (படத்துக்குப் பதிலாகப் படிக்கப்படும் சிறு விவரம்) படத்தில் இருப்பதைச் சொல்லுங்கள்.

விலை, இருப்பு, நட்சத்திரம் இவையெல்லாம் தேடல் முடிவிலேயே தெரிய, பக்கத்துக்குள் ப்ராடக்ட் ஸ்கீமா என்று கூகுள் படிப்பதற்கான குறிப்பு இருக்க வேண்டும். வூகாமர்ஸும் பெரும்பாலான ஷாப்பிஃபை தீம்களும் அதைத் தாமே எழுதிவிடும். கூகுளின் ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்ட்டில் பக்க முகவரியை ஒட்டிச் சரிபாருங்கள். யாரும் தராத மதிப்புரையை நீங்களே எழுதி ஐந்து நட்சத்திரம் போடாதீர்கள். பிடிபட்டால் கூகுள் கைப்பட நடவடிக்கை எடுக்கும், நட்சத்திரமும் போகும், மரியாதையும் போகும். கேள்விபதில் ஸ்கீமா போட்டால் தேடலில் பெரிதாகத் தெரியும் என்று விற்பவர்களும் உண்டு. 2023 ஆகஸ்டிலேயே கூகுள் அந்த வசதியைப் பெயர்பெற்ற அரசு, மருத்துவத் தளங்களோடு நிறுத்திக்கொண்டது.

6. மெர்ச்சன்ட் சென்டர்: இரண்டாவது படியின் பலன்

கூகுளின் ஷாப்பிங் பகுதியில் படமும் விலையுமாக வருகின்றனவே, அதில் இலவசமாகவும் இடம் உண்டு. அதற்கு மெர்ச்சன்ட் சென்டர் கணக்குத் திறந்து பொருட்களைச் சேர்க்க வேண்டும். பரிசீலனைக்குச் சில வேலை நாள் எடுக்கும்.

பலருடைய கணக்கு இங்கேதான் முடங்குகிறது. காரணம் 'மிஸ்ரெப்ரசன்டேஷன்' (கடையைப் பற்றித் தவறாகக் காட்டுவது) என்று ஒற்றைச் சொல் வரும், என்ன தவறு என்று விளக்கமாக வராது. எனக்கு வந்தபோது மூன்று குறை இருந்தது: திருப்பி அனுப்பும் விதி தளத்தில் ஒன்று, மெர்ச்சன்ட் சென்டரில் வேறு; முகவரி தளத்தில் இல்லை; ஒரு பொருளின் விலை பக்கத்தில் 1,450, பில் போடும் இடத்தில் 1,520. மூன்றையும் சரிசெய்த பிறகு மறுபரிசீலனை கேளுங்கள். சரிசெய்யாமல் அவசரத்தில் கேட்டால் அடுத்த முறை கேட்கக் காத்திருக்க வேண்டிவரும். நான் காத்திருந்தேன்.

படத்தின் மேல் போன் எண், கடை முத்திரை, 'சலுகை' என்ற நட்சத்திரம் எதுவும் இருக்கக் கூடாது. நம் கடைக்காரர்கள் படத்தைத் திருடிவிடுவார்கள் என்று எண்ணைப் பெரிதாக அடித்து வைத்திருப்போம், மெர்ச்சன்ட் சென்டர் அதைத் தள்ளிவிடும். கைவேலைப் பொருளுக்குப் பார்கோடு எண் இருக்காது. இல்லை என்று குறிக்க வழி இருக்கிறது, இணையத்தில் தேடிப்பிடித்த ஒரு எண்ணைப் போட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

7. மேப்பில் போடலாமா?

ஆட்கள் நேரில் வந்து வாங்கும் கடையோ குடோனோ இருந்தால் கூகுள் மேப்பில் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் கட்டாயம் போடுங்கள், இலவசம். இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள்: தெருவையும் பெயர்ப்பலகையையும் காட்டி, பூட்டைத் திறந்து உள்ளே போய்ச் சரக்கைக் காட்ட வேண்டும். வீட்டிலிருந்து கொரியரில் மட்டுமே விற்கிறீர்கள் என்றால் அதற்கு விதிப்படி இடம் இல்லை. பொய்யாகப் போட்டால் கணக்கு நின்றுவிடும்.

8. வேகம்

கூகுளின் வேகச் சோதனைக் கருவியான பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் உங்கள் பொருள் பக்கத்தைப் போட்டு, மொபைல் பகுதியை மட்டும் பாருங்கள். பெரிய படம் தெரிய ஆகும் நேரம் 2.5 விநாடிக்குள் இருந்தால் நல்லது. படங்களைக் குறைத்தாலே பாதி வேலை முடியும். மீதிக்கு, போட்டுவிட்டு மறந்த பிளக்இன்களை நீக்குங்கள். நூற்றுக்கு நூறு வாங்க வேண்டும் என்று உட்காராதீர்கள், அதைத் துரத்தி ஒரு வாரம் தொலைத்தவன் சொல்கிறேன்.

9. பொருள் தீர்ந்தால் பக்கத்தை அழிக்காதீர்கள்

திரும்ப வரும் சரக்கு என்றால் பக்கம் இருக்கட்டும், 'இருப்பு இல்லை' என்று மட்டும் மாற்றுங்கள். இனி வராது என்றால் நெருக்கமான இன்னொரு பொருளுக்கு 301 திருப்பிவிடல் (பழைய முகவரிக்கு வருபவரைப் புது முகவரிக்குத் தானாக அனுப்புவது) போடுங்கள். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிட்டால் கூகுள் அதைக் காணாமல் போன பக்கமாகவே கணக்கில் எடுக்கும். தளத்தை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போதும் இதே கதை: பழைய முகவரி ஒவ்வொன்றுக்கும் புது முகவரி எது என்று பட்டியல் போடாமல் மாற்றாதீர்கள்.

10. 'முதல் பக்கம் கேரண்டி' என்பவர்கள்

தளம் திறந்த மறுநாளிலிருந்து போன் வரும். நான் 6,000 ரூபாய் கொடுத்து ஆயிரக்கணக்கில் பேக்லிங்க் (பிற தளங்களிலிருந்து என் தளத்துக்கு வரும் இணைப்பு) வாங்கினேன், அதுவும் தளம் கூகுளுக்குத் தாழ் போட்டிருந்த அதே நாட்களில்! வந்த லிங்க்குகள் எந்த நாட்டுச் சூதாட்டத் தளங்களோ. காசு கொடுத்து லிங்க் வாங்கி வரிசையை ஏற்றப் பார்ப்பது கூகுளின் விதிக்கு எதிரானது. முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதிவைத்திருக்கிறது. சர்ச் கன்சோலில் மேனுவல் ஆக்‌ஷன்ஸ் (கூகுள் ஆட்கள் பார்த்து எடுத்த தண்டனை நடவடிக்கை) பகுதியை ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

நேர்மையான லிங்க் மெதுவாகத்தான் வரும். எனக்கு வந்தது ஒரு பக்கத்தால்: 'கல்சட்டி பழக்குவது எப்படி'. விளக்கெண்ணெயும் மஞ்சளும் தடவி ஒருநாள் வைப்பது, பிறகு தினமும் சூடான வடிகஞ்சி ஊற்றி ஆறவிடுவது, ஏழாம் நாள் சின்னத் தீயில் வெந்நீர் வைப்பது என்று நாளுக்கு ஒரு படமாக எங்கள் வீட்டு அடுப்படியிலேயே எடுத்துப் போட்டேன். சமையல் எழுதும் இரண்டு பேர் தாங்களாகவே அதைச் சுட்டினார்கள். யூடியூபருக்கு இலவசமாகப் பொருள் அனுப்பி லிங்க் கேட்பதானால் அந்த லிங்க்கை ஸ்பான்சர்டு (விளம்பரத்துக்காகக் கொடுத்தது) என்று குறிக்கச் சொல்லுங்கள்.

11. செலவும் நாளும்

சர்ச் கன்சோல், மெர்ச்சன்ட் சென்டர், பிசினஸ் ப்ரொஃபைல், வேகச் சோதனை எல்லாம் இலவசம். டாட் இன் டொமைன் வருடத்துக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டித்தான் வரும். முதல் வருடச் சலுகையைப் பார்த்து மயங்காமல் புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள். என்னிடம் எஸ்.இ.ஓ (தேடலில் கடையை முன்னால் கொண்டுவரும்) வேலைக்கு மாதம் 8,000 முதல் 25,000 வரை கேட்டார்கள். நூறு பொருளுக்குள் விற்கும் கடைக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து; அந்தக் காசில் நல்ல படம் எடுக்க ஒருநாள் ஒரு போட்டோகிராஃபரை வைத்துக்கொள்ளலாம். பொருள் பக்கம் ஒன்றுக்கு எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. நாற்பது பக்கம், தினம் ஒன்று.

பலன் தெரிய நாலு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகலாம் என்று கூகுளே சொல்கிறது. எனக்கு மூன்றாம் மாதம் கடைப் பெயருக்கு வந்தேன், ஆறாம் மாதம் 'பழக்கிய கல்சட்டி'க்கு முதல் பக்கம் வந்தேன். வெறும் 'கல்சட்டி'க்கு இன்னும் இரண்டாம் பக்கம்தான். தீபாவளி, பொங்கல் வியாபாரத்தை நம்பியிருந்தால் ஆடியிலேயே பக்கங்கள் தயாராக இருக்க வேண்டும்.

12. மாதம் ஒருமுறை அரைமணி நேரம்

சர்ச் கன்சோலில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைத் திறந்து, எந்தச் சொல்லுக்கு எட்டாவது இடத்திலிருந்து இருபதாவது இடத்துக்குள் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். தினமும் பார்க்காதீர்கள், ஏறி இறங்குவதைப் பார்த்துத் தூக்கம் கெடும். அந்தச் சொற்களுக்கு உரிய பக்கத்தில் இன்னும் என்ன சொல்லலாம் என்று யோசித்துச் சேர்த்துவிடுங்கள். போன மாதம் என் பட்டியலில் நான் எங்குமே எழுதாத ஒரு தேடல் பதினாலாவது இடத்தில் இருந்தது: 'கல்சட்டி விரிசல் விட்டால் என்ன செய்வது'. எங்கள் வீட்டிலேயே மெல்லிய விரிசல் விழுந்த சட்டி ஒன்று இருக்கிறது, அம்மா அதில்தான் இன்னும் புளி ஊறவைக்கிறார். நேற்று அதைப் படம் எடுத்துவிட்டேன், இந்த வாரம் அந்தப் பக்கத்தை எழுத வேண்டும்.